காதால் எழுதிய நாவல்: கொத்தமங்கலம் சுப்புவும் டெல்டாவின் இரண்டு மேளங்களும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பைண்டு புத்தகம் இருந்தது. 'ஆனந்த விகட'னில் வாராவாரம் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கும்பகோணத்தில் கொடுத்துத் தைத்து வாங்கியது. பழுப்பேறிய தாள், கோபுலுவின் கோட்டோவியங்கள், ஓரத்தில் ஏதோ தைலத்துக்கான பாதி விளம்பரம். பாட்டி அதைத் தானாகப் படித்து நான் பார்த்ததில்லை. யாரையாவது உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். கதையில் புரோக்கர் வைத்தி வருகிற இடத்தில் படிப்பவர் குரலை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஒரே சுருதியில் போனால், "நியூஸா வாசிக்கிறே?" என்று திட்டு விழும். எங்கள் தலைமுறைக்குத் 'தில்லானா மோகனாம்பாள்' என்றால் சிவாஜியும் பத்மினியும்தான். பாட்டிக்கு அது படம் வருவதற்குப் பத்து வருஷம் முன்பே காதில் விழுந்த கதை.

அதைக் 'கலைமணி' என்ற பெயரில் எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு நீளமான பட்டியல் வரும்: நாவலாசிரியர், கவிஞர், சினிமாப் பாடலாசிரியர், வசனகர்த்தா, நடிகர், இயக்குநர், வில்லுப்பாட்டுக்காரர். கூடவே "ஒரே ஆள் எப்படி இத்தனையும்?" என்ற வியப்பும் வரும். அந்த வியப்புக்கு அவசியமில்லை என்பது என் கட்சி. இந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் அவருக்கு ஒரே வேலைதான்: கூடி உட்கார்ந்திருக்கிற ஜனங்களின் காதுக்குக் கதை சொல்வது. அது எழுத்து, பாட்டு, சினிமா என்று மூன்று துறைகளாகப் பிரிந்து நிற்பது நம் கண்ணுக்குத்தான். அவர் பிறந்து வளர்ந்த பக்கத்தில் அப்படிப் பிரிந்திருக்கவில்லை.

1910இல் பட்டுக்கோட்டைப் பக்கம் கன்னாரியேந்தலில் பிறந்தவர் சுப்பிரமணியன். பிழைப்புக்காகச் செட்டிநாட்டுக் கொத்தமங்கலம் போய் அங்கே நாடகத்தில் நடித்து, ஊர்ப்பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் அந்தக் காலத் தஞ்சை ஜில்லாவில் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்தால் கிடைக்கிற படிப்பு ஒன்று உண்டு. சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தை விட்டுப் பத்தாயத்துக்கு ஏறியதும் திருவிழாக்கள் ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஒவ்வோர் ஊராகக் கொடியேறும். பகலில் சுவாமி புறப்பாடு, ராத்திரி நாயனம், அதாவது நாகசுரம். அது முடிந்து ஹரிகதையோ நாடகமோ கூத்தோ. ஹரிகதை பண்ணுகிற பாகவதர் ஒரே மூச்சில் வசனம் சொல்வார், விருத்தம் பாடுவார், கைகேயி மாதிரி முகத்தைத் திருப்புவார், நடுவில் சிரிப்புக்கு ஓர் உபகதை விடுவார். அவரைப் பார்த்து "நீங்கள் எழுத்தாளரா, பாடகரா, நடிகரா?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கே கேள்வி புரிந்திருக்காது.

சரி, இந்தப் பக்கத்தில் சங்கீதத்துக்கு இத்தனை வலு எங்கிருந்து வந்தது? பக்தி, தெய்வீகம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கென்னவோ நெல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று படுகிறது. காவிரியும் அதன் கிளைகளும் பாய்கிற நிலத்தில் உபரி நெல் இருந்தது. அது கோயிலுக்கும் திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மாதிரியான மடங்களுக்கும் மிராசுதார் வீடுகளுக்கும் போனது. அங்கேயிருந்து ஒரு பங்கு மேளக்காரர்களுக்கு மானிய நிலமாகவும், படியாகவும், கல்யாண சீசனில் கைக்காசாகவும் இறங்கியது. ஒரு ராகத்தை மணிக்கணக்கில் ஒருத்தர் வாசிப்பதற்கும் அதைக் கேட்க ஊரே விடிய விடிய உட்கார்ந்திருப்பதற்கும், அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிய கவலை கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். கவலை குறைவாக இருந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள்தான், வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இனி இரண்டு மேளங்களுக்கு வருவோம். அவை தெரியாமல் அந்த நாவலின் அடிப்படை முடிச்சு பிடிபடாது. டெல்டாக் கோயில்களில் நாகசுரம், தவில், ஒத்து, தாளம் சேர்ந்த செட்டுக்குப் பெரிய மேளம் என்று பெயர். சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடுகிற பெண், ஆட்டத்தை நடத்துகிற நட்டுவனார், மத்தளம், முகவீணை அல்லது கிளாரினெட், பின்பாட்டு, இவையெல்லாம் சேர்ந்தது சின்ன மேளம். இரண்டும் பெரும்பாலும் ஒரே சமூகத்துக் குடும்பங்களின் தொழில், இன்று இசை வேளாளர் என்று சொல்லப்படுகிறவர்கள். ஒரே வீட்டில் அக்கா ஆடுவாள், தம்பி தவில் வாசிப்பான். ஆனால் இரண்டு மேளத்துக்கும் இடம் வேறு, மரியாதை வேறு. பெரிய மேளம் வீதியில் சுவாமிக்கு முன்னால் போவது. மல்லாரி வாசித்தால் இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கும் சுவாமி புறப்பட்டுவிட்டது என்று தெரிய வேண்டும். கம்பீரநாட்டை ராகத்தில், பாட்டு வரிகள் இல்லாமல், வெறும் ஸ்வரமும் லயமுமாகப் போகிற அந்த வாசிப்பு திறந்தவெளிக்கென்றே உண்டானது. சின்ன மேளமோ மண்டபத்துக்குள், கிட்டத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிற கூட்டத்துக்கு. சலங்கையும் கண்ணசைவும் அங்கே எடுபடும்.

நாகசுரத்தை ஒரு சதிர்க் கச்சேரிக்குப் பக்கவாத்தியமாக வைத்தால் ஆட்டம் அடிபட்டுப் போகும். அந்தச் சத்தத்தில் சலங்கை கேட்காது. சுப்பு இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். கதாநாயகனான நாயனக்காரன் சிக்கல் சண்முகசுந்தரத்தின் தில்லானாவுக்கு நாட்டியக்காரி திருவாரூர் மோகனாம்பாள் ஈடுகொடுத்து ஆட முடியுமா என்பது காதலர்களுக்குள் நடக்கும் வெறும் வீம்பு இல்லை. வீதியில் முன்னே நடக்கிறவனுக்கும் மண்டபத்துக்குள் ஆடுகிறவளுக்கும் இடையே உள்ள பழைய ஏற்றத்தாழ்வு அந்தப் போட்டிக்குள் இருக்கிறது. 'பெரிய', 'சின்ன' என்ற இரண்டு சொற்களையும் அன்றைய தஞ்சாவூர் வாசகர் கதை முழுக்கக் காதில் வைத்துக்கொண்டே படித்திருப்பார். இன்று படிக்கிறவருக்கு அது அடிக்குறிப்பு போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம்.

தில்லானாவைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கீர்த்தனை என்றால் அர்த்தம் வேண்டும், அதற்குப் பாடுகிறவர் வேண்டும். தில்லானா 'திரனா, தீம், தன' என்று ஜதியில் போவது. நாகசுரத்தில் சொல் ஒலிக்காது, ஆனால் ஜதியின் நடை ஒலிக்கும். நாட்டியக்காரிக்கும் அதில் காலுக்கு வேலை உண்டு. இரண்டு மேளமும் சந்தித்துக்கொள்ளத் தோதான உருப்படி எது என்று யோசித்தால் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும். சங்கீதம் எழுத்தில் கேட்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதுதான். ஆனால் எந்த இடத்தில் எந்த உருப்படியை வைத்தால் கதை நகரும் என்பது எழுத்துக்காரனுக்கு வருகிற சங்கீத ஞானம். சுப்புவிடம் அது இருந்தது.

ஒரு நாகசுரத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நரசிங்கம்பேட்டை கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிற குடும்பங்கள் அங்கே உண்டு. 2022இல் இந்த நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளின் உத்தரம், தூண் எல்லாம் பிரிக்கும்போது கிடைக்கிற முதிர்ந்த ஆச்சாவைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். குழலுக்கு உலவு என்று பெயர், கீழே விரிந்த வாய்க்கு அணசு. மேலே செருகுகிற உலோகக் குச்சி கெண்டை. அதன் நுனியில் சீவாளி. நாணல் வகைத் தட்டையில் செய்த, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கிற அந்தச் சின்னச் சமாசாரம்தான் ஒரு வித்வானின் மானத்தைக் காப்பதும் வாங்குவதும். அது காய்ந்தால் பேசாது, ஊறினால் தொளதொளக்கும். நாலைந்து சீவாளிகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கச்சேரி ஆரம்பிக்கும் முன் ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அடுத்ததை எடுப்பார்கள். சிறுவயதில் நான் இதை ஏதோ வெற்றிலைச் சடங்கு என்று நினைத்திருந்தேன்.

இந்த ஊர்ப் பட்டறையில் ரங்கநாத ஆசாரி செய்துகொடுத்த நீளமான பாரி நாகசுரத்தைத்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை எடுத்துக்கொண்டார். அதற்கு முன்பு திமிரி என்கிற குட்டை நாகசுரம், உச்ச சுருதி. பாரியில் சுருதி இறங்கியது, நாதம் கனத்தது, தோடி ராகத்தை அவர் விஸ்தாரமாக விரிக்க இடம் கிடைத்தது. வாய்ப்பாட்டுக்காரர்களுக்குச் சமமாக நாகசுரக்காரனும் மேடையில் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்தவர் அவர். சிக்கல் சண்முகசுந்தரத்தின் முன்கோபத்தையும் ரோஷத்தையும் பார்த்துவிட்டு, "அது ராஜரத்தினம் பிள்ளைதான்" என்று இங்கே பலரும் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தக் காலத்துப் பெரிய நாயனக்காரர்கள் பலரைப் பற்றியும் இதே மாதிரிக் கதைகள் உலவின. கலைஞனுக்குச் சமூகம் கொடுத்த இடம் குறைவாகவும் அவன் கையில் இருந்த வித்தை அதிகமாகவும் இருந்தால் முன்கோபம் வரத்தான் செய்யும். சுப்பு அந்தப் பொதுக் குணத்துக்கு ஒரு முகம் கொடுத்தார்.

சினிமா அதற்கு முன்பே நாகசுரத்தைத் தேடிப் போயிருந்தது. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் ராஜரத்தினம் பிள்ளைதான் கதாநாயகன். ஆனால் பாருங்கள், அவரைக் கவி காளமேகமாக நடிக்க வைத்தார்கள். ஒரு நாயனக்காரரையும் அவருடைய செட்டையும் நடுவில் வைத்துத் 'தில்லானா மோகனாம்பாள்' படம் வர இன்னும் 28 வருஷம் ஆனது.

அதற்கு ஒரு நாவல் தேவைப்பட்டது. நாவலுக்கு ஒரு பத்திரிகை, பத்திரிகைக்கு ஒரு முதலாளி. அங்கேயும் டெல்டாதான் வந்து நிற்கிறது. எஸ்.எஸ்.வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். 'விகட'னை 1928இல் வாங்கினார். 1940ஐ ஒட்டி, தீவிபத்துக்குப் பின் ஏலத்துக்கு வந்த ஒரு ஸ்டூடியோவை வாங்கி ஜெமினி என்று பெயர் வைத்தார். அந்த ஸ்டூடியோவை அதற்கு முன்பு நடத்தியவர் இயக்குநர் கே.சுப்ரமணியம், பாபநாசத்துக்காரர். பத்திரிகையும் ஸ்டூடியோவும் ஒரே கைக்கு வந்ததும், எழுதுகிறவன் காலையில் பாட்டும் மத்தியானம் வசனமும் ராத்திரி தொடர்கதையும் எழுதுவது இயல்பான காரியமாகிவிட்டது. ஜெமினியில் 'கதை இலாகா' என்றே ஒரு பிரிவு இருந்தது. கூட்டமாக உட்கார்ந்து கதை பண்ணுகிற இடம். சுப்பு அதில் முக்கியமான ஆள்.

அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் பின்னாளில் தம் ஜெமினி நினைவுகளில் சுப்புவைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்தது ஒரு குணச்சித்திரம்: படப்பிடிப்பில் ஒரு காட்சி எப்படி வர வேண்டும் என்று முதலாளிக்குத் திருப்தி வராவிட்டால், சுப்பு நின்ற இடத்திலேயே பதினாலு வேறு வழி சொல்வாராம். அசோகமித்திரன் அதைக் கொஞ்சம் கிண்டலோடும் நிறைய மரியாதையோடும் சொல்கிறார். எனக்கு அதைப் படித்தபோது பாகவதர்தான் நினைவுக்கு வந்தார். இந்த ஊர்க் கூட்டம் உபகதைக்குச் சிரிக்கவில்லையென்றால் அடுத்த நிமிஷமே வேறொன்றை எடுத்துவிடுகிற ஆள். சுப்புவின் வீடு நிறைய உறவுக்காரர்கள் நிரந்தரமாகத் தங்கியிருந்தார்கள் என்பதும் அங்கேயே வருகிறது. தஞ்சாவூர்ப் பெரிய வீட்டுப் பழக்கம், சென்னைக்கும் கூட வந்திருக்கிறது.

ஜெமினியில் அவர் தொட்டவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 1947இல் வந்த 'மிஸ் மாலினி'யை அவரே இயக்கி, சம்பத் என்கிற ஜகதலப்பிரதாபனாக அவரே நடித்தார். கதை ஆர்.கே.நாராயணனுடையது. 1948இல் முரசு நடனத்துக்குப் பேர்போன 'சந்திரலேகா'வில் கதை இலாகாவிலும் பாட்டிலும் அவர் பங்கு உண்டு. 1953இல் 'ஔவையார்', கே.பி.சுந்தராம்பாளை வைத்து அவர் இயக்கியது. 1958இல் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுகிற 'கண்ணும் கண்ணும் கலந்து' அவர் எழுதிய பாட்டு. இந்தப் போட்டி நடனம் வந்ததும், தில்லானாப் போட்டி விகடனில் ஓடியதும் ஏறக்குறைய ஒரே காலம் என்பதைக் கவனியுங்கள். ஒரு மேஜையில் எழுதியது இன்னொரு மேஜைக்கு நழுவி வந்திருக்கும். நிரூபிக்க முடியாது, ஆனால் ஆச்சரியப்படமாட்டேன்.

'ஔவையார்' பற்றி ஒரு வார்த்தை. அது படமாகப் பார்த்தால் மெதுவாகத்தான் போகும். ஒரு பெரிய ஹரிகதையாகப் பார்த்தால் சரியான வேகம். ஒரு சம்பவம், ஒரு பாட்டு, ஒரு நீதி, அடுத்த ஊர். கொடுமுடிச் சுந்தராம்பாளின் குரல்தான் அதில் கதாநாயகி. கேமரா அந்தக் குரலுக்குக் குடைபிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறது. சுப்பு என்கிற இயக்குநரின் பலமும் பலவீனமும் இரண்டுமே அங்கே தெரிகின்றன. அவர் எடுத்தது காதுக்கான சினிமா. சினிமாவுக்கு இலக்கணம் படித்தவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள், நானும் மறுக்கமாட்டேன்.

காந்தியின் வாழ்க்கையை 'காந்தி மகான் கதை' என்று வில்லுப்பாட்டாக எழுதி, மேடையேறிப் பாடினார். வில்லு தெற்கத்திச் சரக்கு, நெல்லை, குமரிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் பாடுவது. தஞ்சாவூர்க்காரர் அதைக் கையில் எடுத்தது கொஞ்சம் எல்லை தாண்டிய வேலைதான். ஆனால் வில்லில் ஒரு வசதி இருக்கிறது: எதிரே உட்கார்ந்து 'ஆமாம்' போடுகிற ஆள். கேட்கிறவனைக் கதைக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிற வடிவம். படிக்கத் தெரியாத கூட்டத்துக்குச் சரித்திரத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் வேறெதைத் தேடுவார்?

சுப்பு தனி ஆள் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவருக்குப் பதினோரு வயது மூத்தவரான கல்கி மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். நாவல் எழுதியது எல்லோருக்கும் தெரியும். 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' பகுதியில் கச்சேரி விமர்சனம் எழுதியவரும் அவர்தான். 1939இல் கே.சுப்ரமணியம் 'தியாக பூமி'யைப் படமாக்கியபோது, அந்தப் படத்தின் காட்சிகளையே சித்திரமாகப் போட்டு விகடனில் தொடர் வந்தது. 1945இல் 'மீரா' படத்துக்காகக் 'காற்றினிலே வரும் கீதம்' எழுதினார். தி.ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர், நல்ல சங்கீத ஞானம் உள்ளவர், வானொலியில் வேலை பார்த்தவர். அவருடைய 'நாலு வேலி நிலம்' நாடகம் 1959இல் படமானது. ஆனால் சினிமா அவரைச் சரியாகத் தொட்டது அவர் இறந்த பிறகு, 1995இல் 'மோக முள்' வந்தபோதுதான்.

மூவருக்கும் சங்கீதம் பொது. ஆனால் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். கல்கி சபாவில் முன்வரிசையில், கையில் பென்சிலோடு. ஜானகிராமன் குருவின் வீட்டுத் திண்ணையில், விடியற்காலையில், தம்பூராவுக்குப் பக்கத்தில். சுப்பு திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டு, தவில்காரர் பக்கம் சாய்ந்து, அவர்கள் நடுவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டு. அதனால்தான் அவர் நாவலில் ராக லட்சணத்தைவிட செட்டுக்குள் நடக்கிற சண்டை, ரயில் பயணம், சம்பளப் பேச்சு, புரோக்கர் வைத்தியின் தில்லுமுல்லு, ஜில்ஜில் ரமாமணியின் நாடகக் கொட்டகை எல்லாம் உயிரோடு இருக்கின்றன. இலக்கியச் சிறுபத்திரிகை வட்டம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைத் தொடர், ஜனரஞ்சகம் என்று ஒதுக்கியது. நீளம் அதிகம்தான், வாராவாரம் முடிச்சுப் போட வேண்டிய கட்டாயம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனால் ஒரு தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் அந்தப் பைண்டு புத்தகத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. சுப்பு அந்த உலகத்தை வெளியே நின்று பார்த்தவர், பிறப்பால் பிராமணர். மோகனாவின் அம்மா பெண்ணைப் பணக்காரனுக்குப் பார்க்கிறாள், மோகனாவோ கலையும் காதலுமாக நிற்கிறாள். கதைக்குச் சௌகரியமான ஏற்பாடு. அந்த உலகத்துக்குள்ளேயே இருந்த ஒரு பெண் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால், திருவாரூரில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை எடுக்க வேண்டும். 1936இல் வந்த அவருடைய 'தாசிகள் மோசவலை' நாவலில் சதங்கை கிணுகிணுப்பு கிடையாது. கோபம் இருக்கிறது, கணக்கு வழக்கு இருக்கிறது, தப்பித்து வெளியே வருகிற வழி இருக்கிறது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. சுப்பு தொடரை எழுதத் தொடங்கியபோது அந்தச் சட்டத்துக்குக் கிட்டத்தட்டப் பத்து வயது. கோயிலில் சின்ன மேளம் நின்றுபோயிருந்தது. ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் இறந்துபோனார். தொடரைப் படித்தவர்கள் நேற்றுவரை கண்ணால் பார்த்த ஒன்றை ஞாபகமாகப் படித்தார்கள். அந்த வாசிப்பின் ருசிக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு நாவலையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை. ஆனால் சுப்புவின் நாவலைப் பழையபடி அசட்டுச் சந்தோஷத்தோடு படிக்கவும் முடிவதில்லை.

1968இல் ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்தார். அந்த வருஷத்துக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது கிடைத்தது. அத்தனை நீளமான நாவல் மூன்று மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். கிளைக்கதைகள் போயின, செட்டுக்காரர்களின் வீடுகள் போயின. இரண்டு மேளத்தின் ஏற்றத்தாழ்வு, காதலர் ஊடலாக இளகிப்போனது. ஆனால் படம் ஒன்றைக் கொடுத்தது, நாவலால் கொடுக்க முடியாததை: நாதத்தை. திரையில் சிக்கலாருக்காக வாசித்தவர்கள் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், மதுரைக்காரர்கள். டெல்டாக்காரர்களுக்கு இதில் இன்றைக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. இத்தனை வித்வான்கள் இருந்த மண்ணின் கதைக்கு வைகைக் கரையிலிருந்தா வாசிப்பு? கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். அப்புறம் அந்தத் தில்லானாவைக் கேட்டால் மனத்தாங்கல் போய்விடும். சிவாஜி கன்னத்தை உப்பி, கழுத்து நரம்பு புடைக்க, விரலைச் சரியான துளையில் வைத்து வாசிப்பதைப் பார்த்துவிட்டு, டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்த் தவில்காரர் ஒருவர் சொன்னதாக அப்பா சொல்வார்: "மூச்சு மட்டும்தான் அவருதில்லை."

சுப்புவுக்கு 1971இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1974இல் இறந்தார். அவருடைய இன்னொரு நாவலான 'ராவ்பகதூர் சிங்காரம்' 1970இல் 'விளையாட்டுப் பிள்ளை'யாக வந்தது, அதுவும் சிவாஜி, அதுவும் நாகராஜன். தில்லானா அளவுக்கு அது நிற்கவில்லை.

இரண்டு வருஷம் முன்பு மன்னார்குடியில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. நாயனக்காரர் எழுபதை நெருங்குகிறவர், கூட வாசித்தது பேரன் வயசுப் பையன். எதையோ மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் வேறு ஏதோ ஒரு புதுப் பாட்டு அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பெண்வீட்டு மாமா ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நாயனக்காரரே, நலந்தானா வாசிங்களேன்" என்றார்.

'நலந்தானா' சுப்பு எழுதியதில்லை, படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது, கே.வி.மகாதேவன் இசை. கையில் அடிபட்டு நாயனம் வாசிக்கிறவனிடம், சபை நடுவில் வாய்விட்டு விசாரிக்க முடியாதவள், ஆடிக்கொண்டே பாட்டாக நலம் விசாரிக்கிற இடம். சின்ன மேளம் பெரிய மேளத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

பெரியவர் சிரித்தார். "சிக்கலார் பாட்டா?" என்றார்.

சிக்கலில் அப்படி ஒருவர் இருந்ததில்லை. அங்கே சிங்காரவேலர் கோயில் வாசலில் அவருடைய வீடு எது என்று விசாரிக்கிற வெளியூர்க்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இவர் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. தொங்கிக்கொண்டிருந்த சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாயில் வைத்தார், எடுத்தார், பார்த்தார். பிடிக்கவில்லை. இன்னொன்றை எடுத்து ஈரப்படுத்திக்கொண்டே பையனிடம் ஏதோ ஜாடை காட்டினார். மாமா ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி மண்டபத்துப் பையனை விரட்டிக்கொண்டிருந்தார்.